ஆறாயிரம் என்றாள் கெம்பம்மா

கெம்பம்மா அக்காவும் நானும் ஓசூர் சிப்காட்டில் எட்டு வருடமாக ஒரே மேசையில் வேலை செய்கிறோம். பித்தளைச் சாமான்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், பக்கத்தில் என்ன குறை என்று எழுத வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள், அதிகம் பேச மாட்டேன். அக்கா பக்கத்துப் பேரிகை கிராமத்துக்காரி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படம் வரைவாள். கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கும் பெண்கள்தான் அவளுடைய படம் எல்லாம். முதல் படத்தைச் சூப்பர்வைசர் மூர்த்தி முந்நூறு ரூபாய்க்குக் கேட்டார், கொடுத்துவிட்டாள். ஃபிரேமுக்கே எழுநூறு ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பெயின்ட், துணி, ஃபிரேம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம். ஒரு படத்துக்கு இருபது மணி நேரம், அதற்கு ஓவர்டைம் கூலி. படத்தை விற்றுத் தருகிறவர்களுக்கு நூற்றுக்கு முப்பது. ஆறாயிரம் வந்தது.

"ஆறாயிரமாக்கா? அதுக்குப் பழைய வாஷிங் மெஷினே வருமே" என்றேன்.

"அப்ப அதையே செவுத்துல மாட்டிக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம வந்தா கம்பெனியே டபுள் குடுக்குது. எனக்கு நானே சிங்கிள் போட்டுக்கணுமா?"

போன மாதம் கர்நாடக எல்லை தாண்டி, சர்ஜாபூர் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் இரண்டு நாள் ஓவியக் கண்காட்சி நடந்தது. நடத்திய நிர்மலா மேடம் அக்காவின் ஐந்து படங்களை விற்றுத் தருவதாக எடுத்துப் போய் மாட்டினார். சனிக்கிழமை எங்களுக்கு ஷிப்டு. ஞாயிறு காலையில்தான் போனோம்.

உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். ஐந்தில் நான்கு படங்களின் கீழே வட்டமான சிவப்பு ஸ்டிக்கர்.

 அக்கா கிட்டப் போய் ஒவ்வொரு ஸ்டிக்கராகப் பார்த்தாள்.

"நாலும் ரிஜெக்டு" என்றாள். "கொறைய எழுதி வெக்கணுமா இல்லியா? நாம எழுதறோமில்ல?"

யாரிடமாவது கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாய் வரவில்லை. நிர்மலா மேடமும் அங்கே இல்லை. அக்கா நான்கு படங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். ஐந்தாவது படத்தின் விலைச்சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது நடைப்பயிற்சி ஷூ போட்ட ஓர் அம்மா வந்து, அந்த ஐந்தாவதைக் காட்டி, "எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை கேட்டார்.

"எரடு சாவிரா" என்றாள் அக்கா.

இரண்டாயிரம்! வெறும் பெயின்ட், துணி, ஃபிரேம் காசு. அந்த அம்மா நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் படத்தோடு வெளியே போனார்.

அவர் அந்தப் பக்கம் போக, நிர்மலா மேடம் காபியோடு இந்தப் பக்கம் வந்தார். "அய்யோ கெம்பம்மா, வித்த படத்தையெல்லாம் ஏன் எறக்கிட்டீங்க?"

"வித்ததா?"

"செவப்புப் பொட்டு வெச்சா வித்துப்போச்சுன்னு அர்த்தம்மா! நேத்தே நாலும் போயாச்சு, ஆறாயிரம் ஆறாயிரம்னு. நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். அஞ்சாவது எங்க?"

அக்கா சொன்னாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாயங்காலம் வாங்கின நாலு பேரும் படத்த எடுத்துட்டுப் போக வருவாங்க. அவங்க பக்கத்து வீட்டுல அதே மாதிரி படம் ரெண்டாயிரம்னா, என் மூஞ்சில முழிப்பாங்களா?"

அக்கா ஓடினாள். நானும் ஓடினேன். லிஃப்டு வாசலில் அந்த அம்மாவைப் பிடித்தோம்.

"மேடம், வெல தப்பாச் சொல்லிட்டேன். ஆறாயிரம்."

அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "அஞ்சு நிமிஷத்துல மூணு மடங்கா? தங்கம்கூட இப்படி ஏறாதே!"

"தப்பு என்னுது மேடம், படத்துது இல்ல. வேணாம்னா உங்க பணம் இந்தாங்க."

"நாலாயிரம் தரேன். ஆளை விடு."

நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நாலாயிரம் என்றால் எங்களுக்கு ஒன்பது நாள் கூலி. அவள் நோட்டுகளை நீட்டியபடியே நின்றாள். அந்த அம்மா அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, படத்தை என் கையில் திணித்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார்.

"பைத்தியமாக்கா உனக்கு?" நான் இவ்வளவு சத்தமாகப் பேசி நானே கேட்டதில்லை.

"நாலு பேரு பேரம் பேசாம குடுத்திருக்காங்கடி. அவங்கள ஏமாளியாக்கச் சொல்றியா?"

இரவு ஏழு மணி வரை அந்தப் படம் சுவரில் இருந்தது. யாரும் வாங்கவில்லை. அத்திப்பள்ளியில் ஓசூர் பஸ் ஏறியபோது அது அவள் மடியில் இருந்தது.

"என்னம்மா, கண்ணாடியா?" என்றார் கண்டக்டர்.

அக்கா துணியை விலக்கிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "நம்ம பஸ்ல தூங்கற மாதிரியே இருக்குதே. எவ்ளோ இது?"

"ஆறாயிரம்."

"ஆறாயிரமா!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா திருப்பவில்லை.