சிவப்பு வெந்நீரும் சிவப்புத் தொக்கும்

இன்று காட்டுப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். என்னோடு லாரி ஓட்டிய ஏழுமலை, என் சம்பந்தி எதிரிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கேரளா ஓட்டல்ல குடிக்க வெச்ச சிவப்பு வெந்நீர்ல கை கழுவினவன் சார் இவன்!"

தொண்ணூறுகளில் நடந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தும் தடுக்காத படுபாவி, இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

அதற்கு அடுத்த மாதம் ஆந்திரா போனதை மட்டும் சொல்லமாட்டான். நெல்லூர் ஓட்டலில், "இது இன்னா மச்சான், தக்காளித் தொக்கா?" என்று கேட்டான்.

அது பழுத்த மிளகாயை அரைத்தது.

"ஆமா மச்சான், சோத்துல நல்லா போட்டுப் பெசஞ்சுக்கோ" என்றேன்.

ஒரே கவளம்தான். லுங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதான்.

அவன் பேத்தி என் பதிவுகளைப் படிக்கிறாள். கண்ணு, நெல்லூரில் ஏன் அழுதார் என்று தாத்தாவைக் கேட்டு, அவர் திட்டுவதை அப்படியே கீழே எழுதம்மா.