பெரியத்தாவுக்கு விற்காத வண்டி

பெனாசிரின் இரண்டு கைகளும் மாமியாரின் இடுப்புக்கு அடியில் விரித்திருந்த துணியைப் பிடித்திருந்தன. மறுபக்கம் அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் நான் பிடித்திருந்தேன். படுக்கையில் கிடப்பவரைத் தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பக் கூடாது. அடியில் போட்ட துணியோடு சேர்த்து ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். நான் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லும்போது தலைமாட்டில் கிடந்த போன் அடித்தது. பெனாசிர் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

பேசியது அவளுடைய முதலாளி பால்பாண்டி. தேனியில் கார் ஷோரூம் வைத்திருப்பவர்.

"பெனாசிர், சென்னையில இருந்து ஏரியா மேனேஜர் வாராரு. நம்ம ரெண்டு கடையில ஒண்ண மூடச் சொல்றாகளாம். உன் பக்கந்தான் போகும் போலத் தெரியுது."

"மாமியத் திருப்பிக்கிட்டு இருக்கேண்ணே. முடிச்சிட்டுக் கூப்புடுறேன்."

துணியை விடவில்லை. "மூணு" என்று அவளே சொன்னாள். மாமியார் மெஹராஜ் அம்மாள் பத்திரமாகப் பக்கவாட்டில் திரும்பினார். முதுகைத் துடைத்து, கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்ட பிறகுதான் பெனாசிர் போனைக் கையில் எடுத்தாள்.

அவள் உத்தமபாளையத்துக்காரி. அத்தாவின், அதாவது அப்பாவின், திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டப் பழகியவள். பி.காம். முடித்துச் சின்னமனூரில் ஒரு டிராக்டர் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். வாங்க வருகிறவர்கள் விற்பனை ஆளிடம் கேட்கிற கேள்விக்கு இவள் பில் போட்டுக்கொண்டே பதில் சொல்வாளாம். அங்கே டிராக்டர் வாங்க வந்த பால்பாண்டி ஆளையும் சேர்த்துக் கூட்டிப் போய்விட்டார். கணவன் ஷானவாஸ் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் போனால் இருட்டும்போதுதான் வருவான். பக்கவாதம் வந்த அவன் அம்மாவைக் காலையில் அவளும் நானும், பகலில் நான், இரவில் அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம். கோயம்புத்தூர்க் கடைக்கு மாற்றல் தருகிறோம் என்று கம்பெனி சொன்னாலும் அவளால் போக முடியாது. தேனியில் அந்தக் கடை இருந்தால் அவளுக்கு வேலை உண்டு. மூடினால் இல்லை.

கம்பெனியின் பெயர் வர்தன் மோட்டார்ஸ். ஒரே கம்பெனி, வர்தன், லியோரா என்று இரண்டு பெயரில் கார் விற்கிறது. எதற்கு இரண்டு பெயர் என்று ஒருநாள் கேட்டேன்.

"சோப்புக் கம்பெனிக்காரன் துணிக்கு ஒண்ணு, மொகத்துக்கு ஒண்ணு விக்கலையா? ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா மொகத்துல போடுவீங்களாம்மா?" என்றாள்.

அதனால்தான் கடையும் தனித்தனி, சட்டை நிறமும் தனித்தனி. வர்தனின் விலை முடிகிற இடத்தில் லியோராவின் விலை தொடங்கும். அந்தக் கடைக்காரர் இந்தக் கடை வண்டியைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கடை ஆளைக் கூப்பிட்டு விலை பேசக் கூடாது. பால்பாண்டி இரண்டையும் எடுத்து, கம்பம் ரோட்டில் எதிரெதிராகக் கடை போட்டார். ஒரு பக்கம் லியோரா கடையில் பெனாசிர். எதிர்ப் பக்கம் வர்தன் கடையில் சுருளிராஜன், கடமலைக்குண்டுக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

சிக்கல் ஒரு வண்டியில் இருந்தது. வர்தன் கடையில் ஜீவா என்று ஒரு கார். அதே உடம்பு, அதே இன்ஜின், முகத்தை மட்டும் மாற்றி, லியோரா கடையில் 'ஒன்' என்ற பெயரில் நிற்கும். இரண்டு கடையிலும் நன்றாக ஓடியது அந்த வண்டிதான். வாங்க வருகிறவர் ரோட்டைக் குறுக்கே கடந்து கடந்து விலை கேட்பார். சுருளிராஜன் தள்ளுபடி தந்தால் இவள் சீட் கவர் தருவாள். இவள் சீட் கவர் தந்தால் அவர் இன்சூரன்ஸில் இறங்குவார். ஒரே கம்பெனியின் காசை இரண்டு கையாலும் வெளியே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வருவது அதனால்தான்.

அன்று மாலை ஷானவாஸ் வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். நான் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மூடுனா நல்லதுதான்" என்றான் அவன். "இன்னைக்கும் உன் கடை ஒன் வண்டி ஒண்ணு கம்பம் மெட்டுக்கு மேல பாறையில உக்காந்துருச்சு. நாந்தான் கயிறு கட்டி இழுத்தேன். உன் பெரியம்மா மருமகன் வண்டி. உன்னத்தான் ஏசுனாரு."

"ஜீவா உக்காருமா?"

"அது ஏன் உக்காருது? அது ஒசரம். ஒன் வண்டி தாழ்வு. பட்டு மாதிரி ஓடணும்னு தாழ்த்தி விட்டுருக்கான்ல."

பெனாசிர் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். பிறகு சொன்னாள்: "தோட்டத்துக்காரங்களுக்கு ஏன் ஒன் வண்டிய வித்தேன் தெரியுமா? அவுக என் சொந்தம். அதுக்குத்தான்."

உண்மை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கார் வாங்க நினைக்கும் ராவுத்தர் வீடுகள், நம்ம பிள்ளை இருக்கிறாள் என்று நேரே லியோராவுக்குப் போயின. கடமலைக்குண்டு, கெங்குவார்பட்டிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் சுருளிராஜனிடம் போனது. கம்பெனி, ஓட்டப்போகும் ஆளைப் பார்த்து வண்டி செய்தது. நம் ஊர் சொந்தத்தைப் பார்த்து வாங்கியது. யாருக்கு எந்த வண்டி என்று யாரும் யோசிக்கவில்லை, விற்றவர்களும்கூட.

மறுநாள் அவள் ரோட்டைக் கடந்து வர்தன் கடைக்குள் போனாள். சுருளிராஜன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வா ஆத்தா வா. கடைய மூடப் போறாகளாம்ல. சாவிய இங்கன குடுத்துட்டுப் போறியா?"

"என் கடை மூடுனா உன்கிட்டதாண்ணே எல்லாரும் வருவாக. ஆனா தள்ளுபடி கேட்க எதிர்க்கடை இருக்காது. போட்டியே இல்லையேன்னு அப்ப கம்பெனி உன் கமிசனையும் குறைக்கும். அத யோசிச்சியா?"

சுருளிராஜனின் சிரிப்பு நின்றது. "என்னங்குற, சொல்லு."

"காடு மேடு போற ஆளெல்லாம் உனக்கு. என் சொந்தமா இருந்தாலும் அனுப்புறேன். மூட்டு வலி, முதுகு வலி, மதுரை ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் போற ஆளெல்லாம் எனக்கு. உன் சொந்தமா இருந்தாலும் அனுப்பு."

"எங்க சின்னய்யா என்னைய வெட்டிப்புடுவாரு தங்கச்சி."

"உங்க சின்னய்யா ஜீவாவுல ஏற டிக்கியில முக்காலி வச்சுக்கிட்டுத் திரியிறாரு. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்குறாக. அவரையே மொதல்ல அனுப்பு."

அவளுடைய கடையில் த்ரீ என்று ஒரு வண்டி விற்காமல் நின்றது. தாழ்வான தளம், அகலமாகத் திறக்கும் கதவு. மெஹராஜ் அம்மாளை மதுரைக்குக் கொண்டுபோன ஒருநாள் பெனாசிர் அதைக் கடையில் கேட்டு எடுத்து வந்திருந்தாள். சக்கர நாற்காலியின் உயரமும் அந்த சீட்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. தூக்காமல் நகர்த்தியே உட்கார வைத்தோம். என் இடுப்பு அன்று தப்பித்தது. மூட்டு வலிக்காரர்களுக்கு விற்கலாம் என்று அந்த வண்டியை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

மேனேஜர் அஜய்குமார் லியோரா கடைக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். அவர் உட்கார்ந்து காபி குடிக்கும்போதே சுருளிராஜன் சின்னய்யா என்று கூப்பிடும் சித்தப்பா சின்னக்கருப்பு ரோட்டைக் கடந்து லியோராவுக்குள் வந்தார்.

"இது என்ன ஓணான் மாதிரி தரையோட படுத்துக் கிடக்கு" என்று த்ரீயைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார். "ஏத்தா, முழங்கால் சத்தமே போடலையே" என்றவர், ஜீவாவை மாற்றிக்கொள்ள விலை பேச ஆரம்பித்தார்.

அதோடு நின்றிருந்தால் சுலபம். அடுத்து வந்தது சேக் பரீத். பெனாசிரின் அத்தாவுக்கு அண்ணன். கம்பம் மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். வாரத்தில் பாதி நாள் தோட்டத்தில்தான் இருப்பார். பணத்தோடு வந்திருந்தார், ஒன் வேண்டும் என்று.

"உங்களுக்கு அது ஆகாது பெரியத்தா. எதிர்க்கடையில ஜீவா இருக்கு. அத வாங்குங்க."

"என்னது?"

"தோட்டத்து ரோட்டுக்கு ஒன் வண்டி தாங்காது."

"என் தம்பி மக கடை வச்சிருக்கா, நான் எதிர்க்கடையில போயி நிக்கவா? பள்ளிவாசல்ல எவன் மூஞ்சியில முழிப்பேன்? உங்க பெரியம்மா கேட்டா என்ன சொல்ல?"

"தம்பி மக நெசத்தச் சொல்லிட்டான்னு சொல்லுங்க."

"ஏங்கிட்ட விக்க மாட்டேன்னு சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்குறானா அந்த பால்பாண்டி?"

"நீங்க பாறையில நின்னுகிட்டு என்னைய ஏசுறதுக்கு, இங்கனயே ஏசிட்டுப் போங்க."

அவர் பணப்பையை இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அஜய்குமார் காபி டம்ளரை வைத்துவிட்டார். வந்த வாடிக்கையாளரை விற்பனையாளரே விரட்டுவதை அவர் எந்தக் கடையிலும் பார்த்திருக்க மாட்டார்.

"சார்," என்றாள் பெனாசிர், "அவரு கம்பம் போறாரு. நம்மளும் தோட்டத்து ரோடு வரைக்கும் போவம். ஜீவாவ நான் ஓட்டுறேன், பெரியத்தா என்கூட வரட்டும். நீங்களும் சுருளியண்ணனும் ஒன் வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னால வாங்க."

"லியோரா ஸ்டாஃப் வர்தன் வண்டிய ஓட்டக் கூடாதே மேடம்."

"கடைய மூடுனா நான் எந்த ஸ்டாஃபும் இல்ல சார்."

சுருளிராஜன் ஓடிப்போய் சேக் பரீத்தின் பழைய வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "மாமா, வாங்க வேணாம். சும்மா உக்காந்து வாங்க. எங்க தங்கச்சி ஓட்டுறதப் பாத்து ரெண்டு வார்த்தை ஏசுங்க."

"ஏலே சுருளி, நீயும் அவளும் கூட்டுக் களவாணியா?" என்று கேட்டபடியே அவர் இறங்கினார்.

கடையிலும் மலையிலும் நடந்ததை ஷானவாஸும் அவளும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெட்டு வரை இரண்டு வண்டியும் நன்றாகவே போயின. ஒன் ரொம்ப சுகமாக இருந்தது என்று சுருளிராஜனே ஒப்புக்கொண்டார். தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் ஜீவா குலுங்கிக் குலுங்கி ஏறிவிட்டது. பின்னால் வந்த ஒன், இரண்டாவது திருப்பத்தில் பாறை மேல் வயிற்றை வைத்து நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.

வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த ஷானவாஸின் ஜீப் அங்கே வந்து நின்றது. உள்ளே தோட்டத்துப் பெண்கள்.

"ஏந்தம்பி, வண்டி அடைகாக்குதா?" என்று ஒருத்தி அஜய்குமாரைக் கேட்டாள்.

"எத்தன முட்டை வச்சிருக்கீக?" என்றாள் இன்னொருத்தி.

அவர் கோபப்படவில்லை. குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். சட்டையில் மண் ஒட்டியபடி எழுந்தார். "இது நல்ல ரோட்டுக்குன்னு தாழ்த்தி வச்சது. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால டிசைன்ல நானும் இருந்தேன். அதனாலதான் பேரும் வேற வச்சோம். எங்களுக்குத் தெரியும். அந்த விஷயம் கடை வரைக்கும் வந்து சேரல."

ஷானவாஸ் கயிறு கட்டினான். பெண்கள் தள்ளினார்கள். வண்டி இறங்கியது.

சேக் பரீத் மேலே ஜீவாவுக்குள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எதிர்க்கடையிலயே வாங்குறேன். ஆனா சாவிய நீதான் என் கையில குடுக்கணும். பள்ளிவாசல்ல அதச் சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்" என்றார்.

திரும்பும் வழியில் பெனாசிர் ஓட்டிய ஜீவாவில் ஏறிக்கொண்ட அஜய்குமார் தயங்கினார். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன், ஆனால் ஒரே உடம்பில் இரண்டு வண்டி எதிரெதிரே நிற்கும்வரை கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும் என்றார். அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று பெனாசிருக்கு முன்பே தெரியும். அவள் விற்பனையில் பாதிக்கு மேல் அந்த ஒன்தான்.

"ஒன்ன எடுத்துக்கங்க சார். மதுரைக் கடைக்கு அனுப்புங்க, அங்கன ரோடு நல்லா இருக்கு. லியோரா போர்டு மட்டும் இருக்கட்டும். த்ரீய வச்சு ஒரு வருசம் ஓட்டிக் காட்டுறேன்."

"ஓடலைன்னா?"

"நானே ஏணி போட்டுப் போர்ட எறக்குறேன்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் மேலிடத்தில் யாரிடமோ போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, "ஒரு வருஷம்" என்றார்.

அன்று இரவு வீட்டில் யாரும் பாயசம் வைக்கவில்லை. வருமானம் குறையும் என்று ஷானவாஸுக்குத் தெரியும்.

மறுநாள் காலை நானும் அவளும் மெஹராஜ் அம்மாளைக் குளிப்பாட்டி உடை மாற்றினோம். அவள் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தேனி போனாள். கடையின் கண்ணாடிக் கதவுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, ஒன்னைத் தானே ஓட்டி வெளியே எடுத்து, மதுரைக்குப் போக நின்ற லாரியில் ஏற்றினாள். திரும்பி வந்து தரையிலிருந்த டயர்த் தடத்தைத் துடைத்தாள். மூலையில் கிடந்த த்ரீயைக் கடையின் நடுவுக்குக் கொண்டுவந்து, ரோட்டைப் பார்த்த பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.