கிளை மாற்றினால் முப்பத்தைந்து நிமிடம்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் திரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "பிராஞ்ச் மாத்தினா மறுபடியும் எல்லாம் பில்ட் ஆகுது சார். நாலு நிமிஷம் போயிடுது." நாலு நிமிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, எங்கிருந்தோ யூரியா வாடையும் வந்தது.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஓர் உரக்கடையின் மாடியில்தான் என் முதல் வேலை. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த முதலாளி, நான், கலா என்று மூன்றே பேர். மாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த மாட்டுக்கு எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்பதை அது குறித்துவைக்கும். யூரியா வாடை படிக்கட்டு வழியாக ஏறி வந்து சட்டையிலேயே தங்கிவிடும். திருமண வீடுகளில் என்னை உரவியாபாரி என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் மறுத்ததில்லை, மென்பொருள் என்று சொன்னால் இன்னும் நிறைய விளக்க வேண்டியிருந்தது.

கலா, மானாம்பதிப் பக்கம் ஏரிக்கரையோர இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். கணினி வகுப்பில் அவள் வேகத்தைப் பார்த்து முதலாளியே தேடிப்போய் அழைத்து வந்தார். என்னை அண்ணா என்பாள். என் தவறுகளை என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிட்டு, நானே கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா இருப்பாள்.

எங்கள் நிரலில் இரண்டு கிளைகள், அதாவது ஒரே மென்பொருளின் இரண்டு வடிவங்கள். ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருந்த பழையது ஒன்று. நாங்கள் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது இன்னொன்று. ஒரே கோப்புறையில் இதை எடுத்துவிட்டு அதை வைப்போம். அப்படி மாற்றும்போது எல்லாக் கோப்புகளும் பயன்படுத்தும் பொதுக்கோப்பு ஒன்று மாறிவிடும். உடனே கணினி அத்தனையையும் முதலிலிருந்து கட்ட, அதாவது நாங்கள் எழுதியதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்ற, ஆரம்பிக்கும். முப்பத்தைந்து நிமிடம். நடுவில் கரண்ட் போனால் அதுவும் வீண்.

ஒருநாள் மாலை ஐந்தேகாலுக்கு, "பழசுல ஒரு சின்னத் திருத்தம், கலா" என்றேன். சின்னத் திருத்தம்தான். ஆனால் அவள் பழைய கிளைக்குப் போக வேண்டும், கட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும். ஆறு மணிப் பேருந்து போய்விட்டது. அவள் அடுத்த ஊர்வரை செல்லும் பேருந்தில் ஏறி, மீதி வழியை நடந்தே போயிருக்கிறாள். இது எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது, அவள் அம்மா அஞ்சலை கூடவே வந்தபோது.

அவர் உட்காரவில்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "அந்த பஸ்ஸ வுட்டா ஊருக்கு வேற பஸ்ஸு இல்ல சார். ஏரிக்கரை மேல ஒண்டியா நடந்து வந்துகினு கீது. நேத்து ரெண்டு பேரு பின்னாடியே வந்திருக்கானுங்க. வேல போதும். நாளைலேர்ந்து நடவுக்கு என்கூட வரட்டும்."

முதலாளி ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "நீ இன்னா நைனா சொல்ற?" அந்தச் சின்னத் திருத்தம் என்னுடையது. "இனிமே கலா அந்த பஸ்ஸ விடமாட்டாம்மா" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அம்மா போனபின் கலா கணினியைப் போட்டாள். பிறகு கேட்டாள்: "ஏன்ணா ஒரே எடத்துல ரெண்டையும் மாத்தி மாத்தி வெச்சிக்கினு கீறோம்? பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணு, ரெண்டு ஃபோல்டரா வெச்சிட்டா? கட்டினது அதது எடத்துல அப்படியே இருக்குமே."

இருக்கும்தான். மாறிய கோப்பை மட்டும் கட்டினால் போதும். இரண்டு வருடம் சீனியர் நான். இந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை.

ஆனால் அவள் கணினியில் இன்னொரு நகலுக்கு இடம் இல்லை. இருந்த இடத்தை என் பாட்டுகள் அடைத்திருந்தன. என் கணினி நிறைந்துபோய் அவளுடையதிலும் கொட்டிவைத்திருந்தேன், காஞ்சிபுரத்து நண்பர்களிடம் ஒவ்வொன்றாகக் கெஞ்சி வாங்கியவை. அவள் கேட்கவில்லை. அந்தக் கோப்புறையின் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாட்டுகளை அழித்தேன். மதியத்துக்குள் பழையதற்கும் புதியதற்கும் தனித்தனிக் கோப்புறை வைத்தோம்.

அன்று மாலை ஐந்தரைக்கு நானே வேண்டுமென்றே பழையதில் ஒரு திருத்தம் கொடுத்தேன். அடுத்த கோப்புறைக்குப் போனாள். இரண்டு நிமிடத்தில் கட்டி முடிந்தது. கால் மணி முன்பாகவே பேருந்து நிலையத்தில் நின்றாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடுத்த வாரம் அஞ்சலையம்மா ஒரு பை மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, கொடுத்தனுப்பினார். நடவுப் பேச்சு அத்தோடு நின்றது.

மூன்று வருடம் கழித்துக் கலா சென்னைக்கு வேலை மாறிப் போனாள். பிறகு நானும். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மாடியை இடித்துவிட்டார்கள். மாட்டு ஆஸ்பத்திரிகளில் வேறு ஏதோ ஓடுகிறது.

சென்ற மாதம் கலா தொலைபேசியில் கேட்டாள், நம்முடைய அந்த நிரல் யாரிடமாவது இருக்குமா என்று.

"எதுக்கும்மா இப்போ?"

"அதுல எழுதினவங்கன்னு என் பேரு போட்டிருந்தோமே. பொண்ணுகிட்ட காட்டலாம்னுதாண்ணா."

முதலாளி வீட்டில் விசாரித்தேன். என் பழைய வட்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிளைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.