மணல் படாமல் மூடினேன்

போன வாரம் ஒரு லேப்டாப்பை மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதிலிருந்து மனசு சரியில்லை.

ஆலந்தலையில் என் சித்தி இறந்துவிட்டார். மகன் செல்வினுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலிலிருந்து எப்படி வருவான்? வீடியோ காலிலாவது அம்மாவைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம். போன் என்றால் கையில் ஆடும், லேப்டாப் வையுங்கள் — இந்த மேதாவி யோசனை என்னுடையது. செல்வினின் தங்கை ஜெனிட்டா தன்னுடையதைக் கொடுத்தாள்.

வீட்டிலும் சர்ச் பூசையிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் எங்கள் பக்கம் கடைசி முகம் என்பது கல்லறைத் தோட்டத்தில்தான். குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி, எல்லோரும் முகம் பார்த்த பிறகு மூடி ஆணி அடிப்பார்கள்.

"அண்ணே, அங்கன போனதும் என்னைய அம்மா பக்கத்துல கொண்டு போங்க" என்றான் செல்வின். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

தோட்டத்துக்குக் கடலோர மணல் பாதை. காற்று மணலை வாரி இறைத்தது. கடற்கரைக்காரனுக்கு என்ன பழக்கம்? சோற்றுப் பானையோ ரேடியோவோ, மணல் விழுமுன் மூடிவிட வேண்டும்.

"மணல் பறக்குலே, மூடிக்கிடுதேன். நீ லைன்லயே இரு" என்று சொல்லி மூடினேன். உள்ளே அவன் இருப்பான் என்றே நம்பினேன்... ஆயுசு முழுக்க மேஜைக் கம்ப்யூட்டரில் தட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

குழியருகே திறந்தால் கறுப்புத் திரை. செல்வினைக் காணோம். பாஸ்வேர்ட் கேட்டது. அம்மா மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த ஜெனிட்டாவிடம் போய் பாஸ்வேர்ட் கேட்கிற கொடுமையையும் செய்தேன். அழுகைக்கு நடுவே சொன்னாள். அப்புறம் நெட் கிடைக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வின் மறுபடி திரைக்கு வந்தபோது ஆணி அடித்து முடித்திருந்தார்கள்.

"மூடியாச்சா அண்ணே?"

தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸைத் தேடினேன். மூடினால் தூங்கிவிடு, மூடினால் அணைந்துவிடு, மூடினால் எதுவும் செய்யாதே — எது வேண்டுமோ அதை நாமே வைத்துக்கொள்ளலாமாம். எதுவும் செய்யாதே! அன்றைக்கு அதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நம்முடைய அக்கறையே சில நேரம் அடுத்தவன் வாயில் மண்ணைப் போட்டுவிடுகிறது.

நேற்று செல்வின் கூப்பிட்டான். திட்டுவான் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, கடைசியா அம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

"சாந்தமா இருந்துச்சுலே... சிரிச்ச மாதிரி" என்றேன்.

நான் எங்கே பார்த்தேன்? பாஸ்வேர்ட் கட்டத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!