பட்டன்காரர் வாங்கிய போக்கர் காயின்

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நிரடிக்கொண்டே இருக்கிறார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். நான் கூரையைப் பார்க்கிறேன். துணிக்கடையில் இப்படிச் செய்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இவர் கையில் இருப்பதோ போக்கர் காயின், சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக நடுவில் தள்ளுகிற வட்ட வில்லை. அதையும் துணி மாதிரி நிரடிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"கனம் இருக்கு. விளிம்பு சுத்தமா இருக்கு. என்ன விலை?"

கடைக்காரர் அலுமினியப் பெட்டியோடு சேர்த்து விலை சொன்னார். நம் ஆள் உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

"ரெண்டு கோட்டு, ஒரு பேண்ட்டு. வேணாம்ங்க."

அவர் தையல்காரர். உலகத்து விலைவாசி எல்லாம் அவருக்குத் தையல் கூலியாகத்தான் புரியும். டாக்டர் ஃபீஸ் ஒரு பேண்ட். புது ஃபேன் மூன்று சட்டை, அதில் ஒன்று முழுக்கை. ஞாயிற்றுக்கிழமைகூடக் கழுத்தில் டேப் தொங்கும். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், ஒருமுறை என் எதிரில் கொட்டாவியும் விட்டார், நான்தான் பயந்துபோனேன். எங்களுக்கு அவர் பட்டன்காரர். அந்தப் பெயர் வந்த கதைதான் எங்களைக் கடை கடையாக அலைய வைத்தது.

அவர் வீட்டு முன்னறைதான் தையல் கடை. ஞாயிறு மதியம் துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்துவிட்டுப் போக்கர் ஆடுவோம். அவர், அவர் மனைவி, மனைவியின் அண்ணனான மச்சான், பக்கத்து வீட்டு பஸ் டிரைவர், பிறகு தோற்பதில் நிரந்தர உறுப்பினரான நான். பணம் கிடையாது. தோற்றவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும். காயினுக்குப் பதில் பட்டன்: சட்டைப் பட்டன் சின்ன மதிப்பு, நாலு ஓட்டைக் கோட்டுப் பட்டன் பெரிய மதிப்பு.

ஒரு ஞாயிறு, மேஜை நடுவே பட்டன் குவிந்து கிடக்கையில் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். பொண்ணு பார்க்கப் போகிறாராம், கோட்டின் நடுப் பட்டன் அறுந்துவிட்டதாம். நம்மவர் ஒரு கையில் சீட்டைப் பிடித்தபடியே மறு கையை நீட்டி, குவியலில் இருந்து ஒரு பட்டனை எடுத்து, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தைத்து, நூலைப் பல்லால் கடித்து, ஆளை அனுப்பிவிட்டார். தொழில்காரர் கைக்கு எது ஆட்டத்துப் பட்டன், எது கடைப் பட்டன் என்று எப்படித் தெரியும்? அந்தக் குவியலை ஜெயித்தவர் மச்சான்.

"நான் ஜெயிச்ச பட்டன் எவனோ ஒருத்தன் தொப்பையில உக்காந்துட்டுப் போகுது மாப்பிள்ளை! இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

மச்சான் கார் ஷோரூமில் மேனேஜர். எதிலும் ஒரு பளபளப்பு இருக்க வேண்டும் அவருக்கு. அலுமினியப் பெட்டியில் அசல் காயின் செட் வாங்கி வைத்திருந்தார். வெளியே எடுக்க ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது.

"அடுத்த வாரம் வரைக்கும் பாப்பேன். ஒழுங்கான காயின் இல்லைன்னா இனிமே ஆட்டம் எங்க வீட்லதான்."

அவர் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் தங்கைக்கோ, அதாவது பட்டன்காரர் மனைவிக்கோ, ஒரு விபத்துக்குப் பிறகு வலது முழங்கால் மடங்காது. வாரம் முழுக்க அந்த முன்னறையில் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு நாலு பேரோடு வாய்விட்டுச் சிரிக்கக் கிடைப்பது அந்த ஒரு மதியம்தான். அதோடு, எங்கள் ஐந்து பேரில் நிஜமாக ஆடத் தெரிந்தவரும் அவர்தான்.

மச்சானுக்கும் உறைத்திருக்க வேண்டும். "நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடலாம்மா" என்றார்.

"நான் என்ன பீரோவா?" என்றார் தங்கை.

மறுநாளே பட்டன்காரர் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் காயின் கொடுத்தார்கள். ஃபேன் காற்றுக்கே மேஜையை விட்டு இறங்கி ஓடியது. மனைவி போனில் மலிவாக ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார். "போட்டோவை நிரடிப் பாக்க முடியுமா?" என்று அதையும் தள்ளிவிட்டார். விளையாட்டுச் சாமான் கடைக் கதைதான் தெரியுமே. வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மிஷினுக்கு வேற பெல்ட் மாத்தணும். இல்லைன்னா அந்த ரெண்டு கோட்டையும் தைச்சே வாங்கிருவேன்" என்றார்.

கிடைத்தது, தேடாத இடத்தில். சட்டைக் காலரில் தைக்கிற லேபிள் வாங்க, பெயர் அச்சடித்துக் கொடுக்கிற பரிசுப் பொருள் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரரின் மேஜை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் ஏதோ வட்டமாக வைத்திருந்தார். பட்டன்காரர் பட்டென்று மண்டியிட்டார். மேஜையைத் தூக்கச் சொல்லி, அதை உருவி, கண்ணை மூடி நிரடினார். கண்ணைத் திறந்தபோது அவர் முகமே வேறு.

போக்கர் காயின்தான். நல்ல கனம். நடுவில் கையில் பிரஷ்ஷோடு சிரிக்கிற ஒரு பல்லின் படம், சுற்றிலும் ஒரு பல் டாக்டரின் போன் நம்பர். வருகிறவர்களுக்கெல்லாம் ஞாபகார்த்தமாகக் கொடுக்க அந்த டாக்டர் ஆர்டர் கொடுத்தாராம். அச்சாகி முடிப்பதற்குள் கிளினிக்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். நம்பரும் மாறிப் போச்சு, காயினும் தங்கிப் போச்சு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று ஒரு பெட்டி நிறைய.

இனி நடந்ததுதான் அவருடைய தனிக் கலை. அவர் பேரம் பேசும்போது பொருளைக் குறை சொல்லவே மாட்டார். குறை சொன்னால் கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிடும் என்பார். பதிலாகப் பரிதாபப்படுவார்.

"பாவம்ங்க இதுங்க. எவ்வளவு நாளா இங்கேயே கிடக்குதுங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க, ரெண்டு வருஷமா."

"நல்ல நிறம். நல்ல கனம். யாரு வாங்குவாங்க? எல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதுங்களே, ஐயோ பாவம்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "இதுங்க சிரிக்கறதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது சார். ஏதாவது குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

"ஒரு பேண்ட்டுக் கூலி தரேன்" என்றார் பட்டன்காரர். சற்றுத் தள்ளி நின்று கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க போட்டிருக்கற பேண்ட்டு தரையைக் கூட்டுது. அதையும் மடிச்சுத் தைச்சுத் தந்துடறேன்."

வெளியே வந்ததும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நடுத்தெருவில், கழுத்தில் டேப்போடு. எனக்கும் விசில் அடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

ஞாயிறு மதியம் மச்சான், எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போவது என்பதுபோல அலுமினியப் பெட்டியும் கையுமாக வந்தார். "கிளம்புங்க கிளம்புங்க, வாசல்ல கார் நிக்குது." உட்காரக்கூட இல்லை. பட்டன்காரர் ஒரு துணிப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். காயின்கள் கொட்டிய சத்தத்தில் பஸ் டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடேயப்பா, என்ன கனம்!"

மச்சான் ஒன்றை எடுத்தார், திருப்பினார். "என்ன மாப்பிள்ளை இது, பல்லா?"

"ஆமா மச்சான். தொலைஞ்சா போன் பண்ணிக் கேக்கலாம், நம்பரே இருக்கு."

குறை கண்டுபிடிக்க மச்சான் என்னென்னவோ செய்து பார்த்தார். தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, இதோடு சேர்த்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்து ஏற்றி இறக்கினார். கனத்தில் வித்தியாசமே தெரியவில்லை; முகம் சுருங்கியது. பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் சூடு பிடித்ததும் பேச்சே மாறிவிட்டது. "ரெண்டு பல்லு வைக்கறேன்" என்பார் டிரைவர். "நான் நாலு பல்லு" என்பார் மச்சான். தங்கை மட்டும் எப்போதும்போல முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் டிரைவரும் சீட்டைக் கவிழ்த்தாயிற்று. பட்டன்காரரும் ஒதுங்கிவிட்டார். அண்ணனும் தங்கையும்தான் பாக்கி. அண்ணன் தன் பக்கத்துக் காயின் மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். தங்கையும் தள்ளினார்.

"ரெண்டு ராஜா, ரெண்டு ராணி!" அண்ணன் சீட்டை விரித்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

தங்கை ஒவ்வொன்றாக வைத்தார். ஏழு. ஏழு. இன்னொரு ஏழு. ஒரே எண் மூன்று சேர்ந்தால் இரண்டு ஜோடி தோற்றுப்போகும்.

"அண்ணா, கொஞ்சம் வாயைத் திற. உள்ள ஏதாவது மிச்சம் இருக்கா பாப்போம்."

டிரைவர் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மச்சானே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடுத்த வாரம் டீ நான்தான் கொண்டு வரணுமா? இங்கயேவா?" என்றார். "இங்கயேதான்" என்று காயின்களை வாரிக்கொண்டார் தங்கை.

வெகு நேரம் வலது காலைத் தரையில் நீட்டியே வைத்திருந்ததில் அவருக்கு வலி எடுத்திருக்க வேண்டும்; நாற்காலியில் லேசாக நெளிந்தார். பட்டன்காரர் குனிந்து, மேஜைக்கு அடியில் கிடந்த அலுமினியப் பெட்டியை இழுத்தார். கழுத்து டேப்பை உருவி அதன் உயரத்தை அளந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அதன்மேல் ஒரு வெட்டுத் துணியை நாலாக மடித்துப் போட்டு, மனைவியின் வலது காலை இரண்டு கையாலும் ஏந்தி, மெதுவாக எடுத்து வைத்தார்.