வாசலை அடைத்த விபூதி

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் நடந்தது இது. நானும் என் கணவரும் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். செவிலிமேட்டில் அவருடைய பைக் சறுக்கி, பின்மண்டை தரையில் மோதிவிட்டது. ஹெல்மெட்டா? அது பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது!

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு நினைவே இல்லை. மூளை வீங்கியிருக்கிறது, வீக்கம் கூடினால் ரத்தம் உள்ளே போகாது, அப்புறம் மண்டை ஓட்டைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதனால் தினமும் காதுக்கு முன்னால், எலும்பு மெல்லிசாக இருக்கிற நெற்றிப்பொட்டில் ஒரு சின்னக் கருவியை வைத்து, உள்ளே ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார்களாம். மண்டைக்குள் எட்டிப்பார்க்க அதுதான் வாசலாம்.

நான் சும்மா இருப்பேனா? ஏகாம்பரநாதர் கோயில் விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு போய், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இரண்டு நெற்றிப்பொட்டிலும் அப்பிவிட்டேன். கொஞ்சநஞ்சமல்ல, சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி.

டாக்டரம்மா வந்து கருவியை வைத்தார். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. இன்னொரு பக்கம் வைத்தார். அங்கேயும் அதேதான். ரத்தம் நின்றே போய்விட்டது என்று நினைத்து, "ஐயோ, ஏகாம்பரா!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா தன் விரலைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் பாக்குற வாசல்லயே உங்க சாமிய உக்கார வெச்சிட்டீங்களே! அவரு கையில பூசுங்க, யாரு வேணாங்கறது?"

நன்றாகத் துடைத்து, ஜெல் தடவி மறுபடி வைத்தார். உஷ்... உஷ்... உஷ்... கேட்டது பாருங்கள்! அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். நர்ஸ் திட்டியது எதுவும் காதில் விழவில்லை.

அதன்பிறகு விபூதியெல்லாம் கைக்குத்தான். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. மண்டையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை டாக்டரம்மா கருவியை வைத்ததும், கண்ணைத் திறக்காமலே என் கணவர் முனகினார்.

"யார்மா அது, காதுகிட்ட உஸ்சு உஸ்சுனு ஊதிக்கினு இருக்கறது?"

"உங்க ரத்தந்தாங்க!" என்று சிரித்தார் டாக்டரம்மா. நான் சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது பழையபடி தறியில் உட்கார்ந்துகொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று என்னிடம் கத்துகிறார். கத்தட்டுமே! அவர் சத்தம் போடப் போட, உள்ளே ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.