இங்கேயே படிச்சு, இங்கேயே வேலை

திருநின்றவூரில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடம். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும், அம்பத்தூரில் ரயிலேறிப் போய் எல்லைக்கல் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, இது ஹால், இது அடுப்படி என்று கட்டைவிரலால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டுவாள். எண்பதுகளின் கடைசியில், நான் பிளஸ் டூ முடித்த வருஷம், அந்த மனையை விற்றுத்தான் என்னை இன்ஜினியரிங் சேர்த்தார்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சிட்டியில் ஒரு அரசுப் பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருந்தது. செலவென்று பார்த்தால் ரயில் பாஸும் புத்தகமும்தான். இன்ஜினியரிங்குக்கு அரசுக் கல்லூரியில் கட்-ஆஃப் கொஞ்சத்தில் தவறி, காத்திருப்போர் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தேன். பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டையும் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டிப் புதிதாக ஒரு தனியார் கல்லூரி வந்திருந்தது. அங்கே டொனேஷன் கட்டினால் எலக்ட்ரிகல் சீட்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்தார். பேச்சை அவர்தான் ஆரம்பிப்பார்.

"பி.எஸ்சி. படிச்சிட்டு இன்னா பண்ணுவா? எங்க கம்பெனில வந்து பாரு. பி.எஸ்சி. முடிச்ச பையன் என்னாண்ட ஹெல்பரா கீறான்."

"பேங்க் பரீட்சை எழுதுவா. பி.எட். பண்ணி டீச்சராவா. அதுக்காக இருக்கிற ஒரே மனைய வித்துடறதா? அவளுக்கப்புறம் ஒருத்தன் இருக்கானே," என்பாள் அம்மா. தம்பி அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான்.

"மனை இன்னா, சம்பாதிச்சா திரும்ப வாங்கிக்கலாம். இவ இன்ஜினியரானா ரெண்டு மனை வாங்குவா."

அம்மா விடவில்லை. புதுக் கல்லூரியாச்சே, அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டாள். நைனா கம்பெனி பர்சனல் ஆபீசரிடமே போய் விசாரித்தார். "பி.இ.ன்னு பேருக்குப் பின்னால இருந்தா போதும்ப்பா. எந்தக் காலேஜ்னு யாரு பாக்கப் போறாங்க," என்று அவர் சொன்னதாக வந்து சொன்னார். கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதரின் வார்த்தையை எதிர்த்து அம்மாவிடம் வேறு சாட்சி இல்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். எனக்குக் கணக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் தெருவில் இன்ஜினியர் என்று ஒருவர்கூட இல்லை, அந்தச் சொல்லின் மேல் எனக்கும் ஆசை இருந்தது.

சேரும் நாளில் ஆபீஸ் சூப்பிரண்ட் என் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். அது வழக்கம்தான் என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கல்லூரி பாதி கட்டிய கட்டடம். முதல் மாடிக்கு மேல் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. மெஷின் லேபில் மோட்டார்கள் மரப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் போட்டோம். காலையில் உள்ளே போனால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாயங்காலம் மணியடிக்கும் வரை காய்ச்சல் என்றாலும் வெளியே விடமாட்டார்கள். பையன்களோடு பேசினால் அபராதம், தலையை விரித்துப் போட்டால் அபராதம். இரண்டு பக்கமும் தரிசாகக் கிடந்த நெல்வயல், நடுவில் நாங்கள். லாரிச் சத்தம் மட்டும் இடைவிடாமல் கேட்கும்.

வகுப்பு தொடங்கி ஆறேழு வாரம் இருக்கும். வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. கொங்குப் பக்கம் ஓர் ஊரில் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு சீட் காலியாகியிருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தது நான், அந்த வாரத்துக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும். நைனா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான் படித்துக் காட்டினேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜெபம் பண்ணினாள். போன பணம் போகட்டும், மூன்றே முக்கால் வருஷத்துப் பணம் மிச்சம் என்று அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் நைனா லீவு போட்டு என்னோடு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

சூப்பிரண்ட் தபாலைப் படித்துவிட்டு நிதானமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சந்தோஷம். நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கினு போங்க."

நைனாவுக்கு முதலில் புரியவில்லை. "இல்ல சார், அவ இங்க படிக்கப் போறதில்ல. அங்க போறா."

"அதான் சொல்றேன். நடுவுல போனா அந்த சீட்டு நாலு வருஷத்துக்கும் காலியாத்தானே கிடக்கும்? அந்த நஷ்டத்த யாரு குடுக்கறது?"

"கட்டினதத் திருப்பிக் கேக்கல சார். டொனேஷன வெச்சுக்கங்க. ஃபீஸையும் வெச்சுக்கங்க. பேப்பர மட்டும் குடுங்க."

"ரூல் ரூல்தான். கரஸ்பாண்டென்ட்டப் பாருங்க."

கரஸ்பாண்டென்ட்தான் கல்லூரியின் முதலாளி. அவரைப் பார்க்க சாயங்காலம் வரை வராந்தாவில் நின்றோம். பெஞ்சு இருந்தது, நைனா உட்காரவில்லை. உள்ளே கூப்பிட்டபோது அவர் எழுந்து கும்பிட்டு வரவேற்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால் நைனாவும் ஒரு வார்த்தை பேசியிருப்பார்.

"பெரியவரே, வயசுப் பொண்ண அவ்வளவு தூரம் ஹாஸ்டல்ல விட்டுட்டு நீங்க நிம்மதியா தூங்குவீங்களா? இங்க நம்ம கண்பார்வைல இருக்கு. நம்ம பொண்ணு மாதிரி. படிச்சு முடிச்சதும் வேலைக்கு நான் பொறுப்பு," என்றார்.

"அதில்ல சார்..." என்று நைனா ஆரம்பித்தார். அதற்குள் டெலிபோன் அடித்தது. கரஸ்பாண்டென்ட் அதை எடுத்துப் பேச ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த நாள் கம்பெனி யூனியன் தலைவரை அழைத்துக்கொண்டு நைனா மறுபடி போனார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு வக்கீலைப் பார்த்தார். கேஸ் போடலாம், தீர்ப்பு வர வருஷமாகும் என்றார் வக்கீல். அந்த வாரம் முடிந்தது. சீட் எனக்கு அடுத்து இருந்தவருக்குப் போயிருக்கும். சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது நைனா என் முகத்தைப் பார்க்காமலே, "இங்கயே படி. நல்லா படி," என்றார். அம்மா ரசத்தை ஊற்றினாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரே ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்திருக்கும். அவள் சொல்லவே இல்லை.

அதன்பின் அந்த வீட்டில் எனக்குத் தலைவலி வரக் கூடாது, ஒரு பேப்பரில் அரியர் விழக் கூடாது, படிப்பு பிடிக்கவில்லை என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஒருநாள் நான் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. தம்பி விளையாட்டாக, "அம்மா, திருநின்றவூர் மனை தூங்குது," என்றான். நைனா அவனை அடித்துவிட்டார். அவன் சொன்னதில் தப்பில்லை. பஸ்ஸில் ஏறுவது, எழுதுவது, பாஸாவது எல்லாம் அந்த மண்தான். நான் அதன் மேல் போட்ட பெயர்ப்பலகை.

நான்கு வருஷமும் முதல் வகுப்பில் தேறினேன். எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனியும் ஆள் எடுக்க வரவில்லை. நைனாவின் கம்பெனிக்கே போனேன். அதே பர்சனல் ஆபீசர். என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எந்தக் காலேஜ்மா இது?" என்றார். சொன்னேன். "நாங்க நாலஞ்சு பழைய காலேஜ்லதான் எடுக்கறது," என்றார். நைனாவிடம் சொன்ன பதில் அவருக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறாத படி இல்லை. ஷாப் ஃப்ளோரில் லேடீஸ் எடுப்பதில்லை என்று சில இடங்களில் வாசலிலேயே சொன்னார்கள். இதற்கிடையில் தம்பி ஐ.டி.ஐ. முடித்து, ஆவடியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டான். முதல் ஸ்டைபண்டில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்தான். அதைக் கட்டிக்கொள்ள எனக்குக் கை கூசியது.

ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படிப் போனபின் கல்லூரியிலிருந்து பிரின்சிபால் சொல்லி அனுப்பினார். லெக்சரர் வேலை. சம்பளம் தம்பியின் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். இப்போது அதில் பட்டமும் சேர்ந்திருந்தது.

"குடுத்துடாத," என்றாள் அம்மா.

"குடுக்காம வீட்டுல வெச்சு இன்னா பண்றது?" என்றார் நைனா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அட்மிஷன் காலத்தில்தான் என்னை ஏன் எடுத்தார்கள் என்பது விளங்கியது. கரஸ்பாண்டென்ட் அறைக்கு வெளியே எனக்கு ஒரு மேஜை போட்டார்கள். பிள்ளைகளோடு வரும் அப்பாக்களை அவர் என் மேஜைக்கு அழைத்துவருவார். "பாருங்க, நம்ம ஸ்டூடண்ட். இங்கேயே படிச்சு, இங்கேயே வேலை. ஒருநாள்கூட வீட்ல சும்மா இல்ல," என்பார். நான் புன்னகைக்க வேண்டும். பல்பொடி விளம்பரத்துக்குப் பல்லைக் காட்டுவதுபோல.

பூந்தமல்லியில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒரு பாய் தன் மகளோடு வந்தார். கரஸ்பாண்டென்ட் வழக்கமான வசனத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. பாய் என் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. போடற பணத்துக்குப் பொழப்பு வருமா? ஒரு கடைய வித்துதான் கட்டணும்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வேறு எங்காவது மனு போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். "கவர்மென்ட் காலேஜ்ல வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன் மிஸ்," என்றாள்.

"அது முடியற வரைக்கும் இங்க ஒரிஜினல் எதையும் குடுத்துடாதீங்க பாய்," என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன்.

பாய் எழுந்தார். பிறகு ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரஸ்பாண்டென்ட்டிடம் வீட்டில் கலந்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் என் மேஜை அங்கே இல்லை. எனக்குப் பெண்கள் ஹாஸ்டலில் மேற்பார்வை வேலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாரத்தில் பாதி இரவு அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வேலையை விடலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த பீரோ நினைவுக்கு வரும். என்னைப் பற்றி நான் யாரிடமாவது நிரூபிக்கக்கூடிய எல்லாம் அதற்குள் இருந்தது.

ஆனாலும் அந்தப் பெண் தப்பித்தாள் என்ற நினைப்பில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு மாதம் கழித்து முதல் வருஷ வகுப்புக்குள் நுழைகிறேன், முன் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்ல மிஸ்," என்றாள். "அத்தா கடைய வித்துட்டாரு."

அவளுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை.

அவள் கடைசி வருஷம் வந்தபோது ஊரே மாறியிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆளுக்கு அலைந்தன. எலக்ட்ரிகலா, மெக்கானிகலா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பழைய கல்லூரிகளில் எடுத்து முடித்துவிட்டு, எங்கள் கேட்டுக்குள்ளும் ஒரு கம்பெனியின் வேன் வந்து நின்றது. அவளையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். முதல் சம்பளமே என் சம்பளத்தைப் போல இரண்டு பங்கு.

பாய் பேடாவோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் நின்றார். தாடியில் நரை கூடியிருந்தது.

"நீங்க அன்னிக்குச் சொன்னதக் கேக்காம சேத்தோம்மா. அல்லா கண்ணத் தொறந்துட்டான். போட்டது வந்துடும் போல கீது."

"ரொம்ப சந்தோஷம் பாய்," என்றேன். அது பொய்யில்லை.

"நீங்களும் இதே படிப்புதானே? நீங்க ஏம்மா போகல?"

"இந்த வருஷம் முடிக்கிறவங்களத்தான் எடுக்கறாங்க பாய். நான் முடிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு."

அவர் பெட்டியிலிருந்து இன்னொரு பேடாவை எடுத்து என் கையில் வைத்தார். மணியடித்தது. மூன்றாம் வருஷ வகுப்பு. கையில் ஒட்டியிருந்த இனிப்பைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.